பொருள்: ஆறு அசைவு சென்சார் போர்டுகளும் சரியில்லை; ஐந்து வாரமாக அலைக்கழிப்பு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களக்காட்டில் இயற்பியல் ஆசிரியை. உங்கள் நிறுவனத்துக்கு நான் அனுப்பும் ஏழாவது மின்னஞ்சல் இது. முந்தைய ஆறுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது யாராவது கடைசி வரி வரை படியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எம்பியு 6050 என்று போட்டு விற்கிறீர்களே, எட்டுக் கால் உள்ள அந்த நீலப் போர்டு, அதில் ஆறு வாங்கினேன். ஒன்று 180 ரூபாய், அனுப்பும் செலவு 70, ஆக மொத்தம் 1,150. என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறார். ராத்திரியில் காட்டுப்பன்றி வேலியை முட்டிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து கிழங்கைத் தோண்டிவிடும். வேலிக் கம்பியில் சென்சாரைக் கட்டிவிட்டால், கம்பி அதிர்ந்த உடனே காவல் குடிசையில் மணி அடிக்கும். இது என் மாணவிகள் நான்கு பேர் யோசித்தது. சென்சாரும், அதைப் படித்து மணியை அடிக்கவைக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும், மணிக்கு மட்டும்தான் நீள ஒயர். சென்சாரும் ஊனோவும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பு தூரத்துக்குப் போகாது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். இதைச் சொல்லக் காரணம், உங்கள் ஆட்களில் மூன்று பேர் "ஒயர் நீளமா இருக்கும் மேடம்" என்று முடித்துக்கொண்டார்கள். என் ஒயர் ஒரு சாண்.

ஆறில் இரண்டு போர்டை மாட்டினால், சென்சார் எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடும் ஸ்கேனர் புரோகிராம் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. ஒயரை எல்லாம் கழற்றிவிட்டு, போர்டைத் தனியாக மேஜையில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஸ்டிஏ என்ற டேட்டா காலிலும் மறுமுனையை கிரவுண்டிலும் வைத்தேன். பீப் என்று நிறுத்தாமல் கத்துகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு போர்டிலும் சிப்பின் ஓரத்தில் ஈயம் வழிந்து கிடக்கிறது. டேட்டா லைன் கிரவுண்டோடு ஒட்டிக் கிடந்தால் எந்தச் சென்சார் பேசும்?

மீதி நான்கும் ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 68 முகவரியில் பதில் சொல்கின்றன. ஆனால் சென்சாரைப் படிக்க உதவும் ரெடிமேட் புரோகிராமான லைப்ரரி, தொடர்பு இல்லை என்கிறது. ஏன் என்று பார்க்க, சிப் தன் அடையாளத்தைச் சொல்லும் ஹெக்ஸ் 75 ரிஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் எண் வைத்திருக்கும் இடத்தை, படித்தேன். 6050 என்றால் அதில் 68 வர வேண்டும். நான்கிலும் 70 வருகிறது. அது எம்பியு 6500 சிப்பின் எண். 6050 என்று பில் போட்டு வேறு சிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அந்தச் சனிக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை. "நேரில் கொண்டு போங்க, டெஸ்ட் பண்ணி மாத்திக் குடுப்பாங்க" என்று உங்கள் கஸ்டமர் கேர் சொன்னதை நம்பி, களக்காட்டிலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வண்ணார்பேட்டையில் உள்ள உங்கள் கவுன்ட்டருக்கு வந்தேன். அந்த வாழைக்காரர் மகளும் கூட வந்தாள். ஆறு போர்டையும் பஞ்சில் பொதிந்து டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மணி நேரம் நின்றோம். உட்காரச் சொல்லவில்லை. அப்புறம் வந்தவர் டிபன் பாக்ஸின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆன்லைனில் வாங்கியதற்கு இங்கே பொறுப்பில்லை என்றார். சரி, மல்டிமீட்டரை வைத்தாவது பாருங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "யூடியூப்ல பாத்துப் படிச்சிட்டு வாங்க டீச்சர். பிள்ளைகளுக்கு என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கீய?"

என் மாணவியின் முன்னால் சொன்னார். இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், ஒருவரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. திரும்பி வரும்போது நாங்குநேரி வரை அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நாமதான் தப்பா மாட்டிட்டோமா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தப்பாக மாட்டவில்லை. எஸ்டிஏ ஊனோவின் ஏ4-இல், எஸ்சிஎல் என்ற கிளாக் கால் ஏ5-இல். மூன்று வருடத்துக்கு முன்பு வேறு கடையில் வாங்கிய 6050 ஒன்று என்னிடம் இருக்கிறது. அதே ஊனோ, அதே ஒயர், அதே புரோகிராம், மாட்டியதும் வேலை செய்கிறது. இதை ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் போனை எடுத்து, யூஎஸ்பி கேபிளை மாற்றினீர்களா, டிரைவர் போட்டீர்களா என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். 6050 கரண்ட் கொடுத்ததும் தூக்கத்தில்தான் இருக்கும், 6பி ரிஜிஸ்டரில் 0 எழுதி எழுப்ப வேண்டும். உருப்படியாகக் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானே அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு தம்பி மட்டும் பொறுமையாகக் கேட்டார். லைப்ரரியில் அடையாளம் சரிபார்க்கும் வரியை எடுத்துவிட்டால் ஓடும் என்றார். எடுத்தேன், அசைவைக் காட்டும் எண்கள் வந்தன, ஆனால் வெப்பநிலை தப்பாக வருகிறது. அவருக்கு என் நன்றி. ஆனால் காசு கொடுத்துக் கேட்ட பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்பது அதனால் மாறிவிடாது.

இதற்குள் மாவட்ட அறிவியல் கண்காட்சி முடிந்துவிட்டது. பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு மண்ணாகிவிட்டது. போன வாரம் ஒரே ராத்திரியில் நாற்பது வாழை போயிற்று. மணி அடித்திருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது, அந்த நஷ்டமும் உங்கள் கணக்கில்தான் சேரும். என் விடுப்பு, பஸ் செலவு, போனில் போன நேரம் எல்லாம் சேர்த்தால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

இருந்தாலும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1,150 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அல்லது 6050 சிப் உள்ள ஆறு போர்டுகளை உங்கள் செலவில் சோதித்து அனுப்புங்கள். கவுன்ட்டரில் அப்படிப் பேசியவர் அந்த மாணவிக்கு இரண்டு வரி வருத்தம் எழுதித் தர வேண்டும். எனக்கு வேண்டாம், அவளுக்கு.

ஏழு நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போக வைக்காதீர்கள் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பில், போர்டுகளின் படங்கள், மல்டிமீட்டர் கத்தும் வீடியோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். போன் செய்வதானால் மாலை நாலரைக்கு மேல் செய்யுங்கள், அதற்கு முன் வகுப்பில் இருப்பேன். பேசுகிறவர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
களக்காடு