அக்காவின் வருத்தம்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள வசந்தி,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமை. அக்காவை ஆசுப்பத்திரியில வைச்சிருந்ததால பதில் எழுதேல்லை. இப்ப வீட்டுக்கு வந்திட்டா. காலமையில மரைன் டிரைவில மெல்ல நடக்கிறா.

நாலு வருசமா அவவுக்குத் திடீரெண்டு மண்டை பிளக்கிற தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வேர்வை. கொஞ்ச நேரத்தில அடங்கீடும். கிளினிக்கில அளக்கேக்க பிறசர் பெரிசா இராது. அத்தான் போன கவலை எண்டு நித்திரைக் குளிசை குடுத்தவை. நானும் நம்பினன். அது இண்டைக்கும் எனக்கு ஆறேல்லை.

அக்கா ஒண்டை மறைச்சுப்போட்டா. அந்த வருத்தம் வாறது சலம் போன கையோட. வெக்கம். பங்குனியில குளியலறை வாசலில விழுந்தா, உடன பிறசர் அளந்தன்: மேல் அளவு 220. வாட்டில ஒரு இளம் டொக்டர் பிள்ளை கட்டிலில இருந்து, “எப்பெப்ப வருது அம்மா?” எண்டு கேட்டா. அக்கா அழுதழுது சொன்னா.

பராகங்கிளியோமாவாம். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அதிரீனல் சுரப்பியில வாற கட்டியின்ர இனம், ஆனா சுரப்பிக்கு வெளியில, கழுத்து, நெஞ்சு, வயித்துப் பெருநாடிப் பக்கமெல்லாம் வரலாம். அக்காவுக்குச் சலப்பைச் சுவரில. பை சுருங்கேக்க கட்டி நசிஞ்சு, பிறசரை ஏத்திற நோர் அதிரீனலின் எண்ட ஓமோனை இரத்தத்தில கொட்டியிருக்கு. 24 மணித்தியாலச் சலத்தைச் சேர்த்து அந்த ஓமோன் உடைஞ்சு வாற மெற்றனெஃப்ரினை அளந்து பார்த்து, பிறகு ஸ்கானில பிடிச்சவை.

உடன வெட்ட ஏலாது. முதல் இரண்டு கிழமை இரத்தக் குழாயை விரிக்கிற பிரசோசின் குளிசை, அதோட உப்பும் தண்ணியும் கூட்டி. பிறசர்காரிக்கு உப்போ எண்டு திகைச்சுப் போனன். இறுகிக் கிடந்த இரத்தக் குழாய்கள் விரியேக்க உள்ள இரத்தம் போதாமப் போகுமாம், அதுக்குத்தான். படபடப்புக்குக் குடுக்கிற பீற்றா புளொக்கரை முந்திக் குடுத்தா பிறசர் இன்னும் ஏறும், அது ஆபத்து எண்டும் சொன்னவை.

ஒப்பரேசன் நல்லா முடிஞ்சுது. ஆனா ஆயுள் முழுக்க வருசா வருசம் பார்க்கோணும். இந்த வருத்தக்காரரில மூண்டில ஒரு பங்குக்குப் பரம்பரையில வருதாம். அக்காவின்ர இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கு. அதில பிழை இருந்தா பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்னவளின்ர முகத்தைப் பார்க்க எனக்கு நித்திரை வருகுதில்லை.

போன கடிதத்தில உன்ர தம்பிக்கு முப்பது வயசிலயே பிறசர், அடிக்கடி வேர்த்துக் கொட்டுது எண்டு எழுதினனி. வேறை காரணமாயும் இருக்கலாம், பயப்பிடாதை. ஆனா வருத்தம் வாற நேரத்திலயே அளக்கச் சொல்லு. என்ன செய்யேக்க வருதெண்டும் கூச்சப்படாமக் கேள். டொக்டரிட்ட மெற்றனெஃப்ரின் சோதனையைப் பற்றி அவரே வாய் திறந்து கேக்கட்டும்.

அக்கா உன்னைக் கேட்டவ. ஆடியில வாறதெண்டா யாழ்ப்பாணத்தில இருந்து பனங்கட்டி கொண்டு வா.

உன்ர,
மலர்