பார் வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க வாகனப் பக்கத்துல கூரையை மடக்கித் திறந்து ஓட்டுற பழைய கன்வெர்டிபிள் கார் வச்சிருக்கவங்களுக்காக ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்ல விஷயம்தான், இந்த மாதிரி கார் பத்தி தமிழ்ல எழுதுறவங்களே கம்மி, அதுல போய் குறை சொல்றோமேன்னு எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா கடைசி பத்தியில, முன்பக்கம் உதறுதுன்னா இன்ஜினுக்கு மேல குறுக்கால ஒரு பார், அதாவது கனமான கம்பி, வாங்கி மாட்டிடுங்க, நாலு போல்ட்டு, அரை மணி நேர வேலை, அதோட பிரச்சனை தீர்ந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல. அந்த நாலு போல்ட்டை நம்பி ரெண்டு வருஷம் ஏமாந்தவன் நான்.

உதறல் எங்கேருந்து வருதுன்னு புரிஞ்சுக்க ஒரு தீப்பெட்டி போதும். உள்ள இருக்க டிரேயை மட்டும் உருவி ரெண்டு முனையையும் பிடிச்சு துணி பிழியற மாதிரி லேசா திருகிப் பாருங்க, கொழகொழன்னு திரும்பும். அதையே உறைக்குள்ள தள்ளிட்டு திருகுங்க, அவ்ளோ சீக்கிரம் அசையாது. அதே அட்டைதான், மூடியிருக்கா திறந்திருக்கான்னுதான் வித்தியாசம். கன்வெர்டிபிள்னா மூடாத டிரே. கூரை போனதும் வண்டியோட முன் பாதியையும் பின் பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது தரையும், கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற ஸில்லும் மட்டும்தான். ஒரு முன்சக்கரம் பள்ளத்துல இறங்குனா முன்பக்கம் ஒரு திசையில முறுக்கும், பின்பக்கம் அப்படியே நிக்கும், நடுவுல இருக்க தரைதான் பிழியப்படும். ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியறது என்னவோ டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் விண்ட்ஷீல்டு ஃப்ரேமும் ஆடுறதுதான், ஏன்னா இது மூணுமே இன்ஜினுக்கும் ஆள் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல சுவர் மாதிரி நிக்கிற ஃபயர்வாலை ஒட்டி ஒரே இடத்துல தொங்குது. இங்கிலாந்துல ஸ்கட்டில் ஷேக்னும் அமெரிக்காவுல கௌல் ஷேக்னும் சொல்றது இதைத்தான். முன்னாடி ஆடுது, அதனால முன்னாடிதான் வீக்குன்னு முடிவு பண்ணிடறோம், அங்கதான் முதல் தப்பு.

என்கிட்ட இருக்கறது 1966 முஸ்டாங் கன்வெர்டிபிள். தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. கூரை இல்லாத வண்டிங்கிறதால கம்பெனிலேயே உள் ஸில்லைத் தடிமனான தகடுல போட்டு, முன் ஃப்ரேம் ரெயிலையும் ஸில்லையும் இணைக்கிற டார்க் பாக்ஸை ரெண்டு பக்கமும் வச்சு அனுப்பியிருக்காங்க. இந்த வண்டியில இன்னொரு விசேஷம், முன் ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடிக்கிற மேல் ஆர்ம் மேல உக்காந்து, தலைய ஷாக் டவருக்குள்ள, அதாவது இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற தகடுக் கூண்டுக்குள்ள கொடுத்து முட்டிக்கிட்டு நிக்கும். அதாவது முன்பக்க எடை பூரா அந்த ரெண்டு டவரையும் எப்பவும் தள்ளிக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா முட்டு வாங்கி வாங்கி டவர் ரெண்டும் இன்ஜின் பக்கமா உள்ள சாயும். அதைப் பிடிக்க ஃபயர்வால்லேருந்து ஒவ்வொரு டவருக்கும் தனித்தனியா ஒரு பிரேஸ், அதாவது முட்டு, உண்டு. வெளிநாட்டுக்குப் போன வண்டிகளுக்கு மட்டும் அந்த ரெண்டுக்குப் பதிலா ஒரே துண்டா தடிமனா ஒண்ணு போட்டாங்க, அதான் எக்ஸ்போர்ட் பிரேஸ். இதே முஸ்டாங்கை ரேஸுக்குத் தயார் பண்ணின 1965 ஷெல்பி ஜிடி350ல அதையும் போட்டு, டவர்லேருந்து டவருக்கு நேரா ஒரு குறுக்கு பாரையும் போட்டாங்க. அந்தக் குறுக்கு பாருக்கு மான்டி கார்லோ பார்னு பேரு, ஃபோர்டு ஃபால்கன் கார்கள் 1963லயும் 1964லயும் மான்டி கார்லோ ராலியில ஓடின பழக்கத்துல வந்த பேரு.

நானும் உங்க கட்டுரை சொல்ற மாதிரியே அந்த பாரைத்தான் முதல்ல வாங்குனேன். மாட்டப் போனா ஏறல. ஒரு பக்கம் போல்ட்டு உக்காருது, அடுத்த பக்கம் ஓட்டை 6 மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. ஒர்க்‌ஷாப்ல பாத்தவரு, சாமான் சரியில்ல சார், இதெல்லாம் இப்படித்தான் வரும், ஓட்டையை நீளமாக்கி விட்டுடறேன்னு சொல்லி ராவி மாட்டிக் கொடுத்துட்டாரு, நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். ஓட்டை நீளமா இருந்தா டவர் நகரும்போது போல்ட்டும் கூடவே வழுக்கிக்கிட்டுப் போகும், அப்புறம் அந்த பார் எதைத் தாங்கும்? ரெண்டு வருஷம் அது பானட்டுக்குள்ள பளபளன்னு படுத்துக்கிட்டு இருந்துச்சு. ரியர் வியூ கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ஒண்ணா ரெண்டான்னு தெரியாத அளவுக்கு ஆட்டம் அப்படியேதான் இருந்துச்சு.

பார் ஏறலைங்கிறதே வண்டி என்கிட்ட சொன்ன சேதின்னு அப்புறம்தான் உரைச்சுது. பார் நீளமில்ல, டவர்தான் கிட்ட வந்திருக்கு. பேட்டரிக்குக் கீழ இருக்க ஏப்ரனை, அதாவது டவரை ஒட்டி இன்ஜின் ரூமுக்குப் பக்கச் சுவரா ஓடுற தகடைச் சுரண்டிப் பார்த்தா, இந்த வண்டிகள்ல அங்கதான் பேட்டரி ஆசிட் வழிஞ்சு வழிஞ்சு தின்னும், மேல பெயின்ட், அதுக்குக் கீழ பட்டி, பட்டிக்குக் கீழ ஸ்க்ரூடிரைவர் குத்தினா பொத்துன்னு உள்ள போகுது. டவரும் ஏப்ரனும் சேர்ற இடத்துல ஸ்பாட் வெல்ட் வரிசையா நாலு விட்டுப்போயிருந்துச்சு. இதுக்கு மேலதான் நான் பாரை மாட்டி பெருமையா பானட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன்.

அதனால உங்க வாசகர்களுக்கு நான் சொல்ல வந்தது இதான், எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. வண்டியை சமதரையில நிறுத்தி, கதவோட பின் ஓரத்துல மேல ஒரு இடம் கீழ ஒரு இடம் மாஸ்கிங் டேப் ஒட்டி, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்க கேப்பை அளந்து அந்த டேப்லயே எழுதிடுங்க. அப்புறம் முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கி போட்டு சக்கரம் தரையை விட்டு எழும்புற வரைக்கும் தூக்கிட்டு மறுபடி அளங்க. என் வண்டியில மேல் கேப் 3 மில்லிமீட்டர் மாறுச்சு, கதவைத் திறந்துட்டு மூடப் பார்த்தா லாக் போய் இடிச்சுது. அப்படின்னா வீக்கு இன்ஜின் ரூம்ல இல்ல, ஸில்லுல. கேப் பெருசா மாறாம, டவருக்கு டவர் அளவும் ஃபயர்வால்லேருந்து எதிர்ப்பக்க டவருக்கு எக்ஸ் மாதிரி எடுக்கிற ரெண்டு அளவும் வித்தியாசம் காட்டுச்சுன்னாதான் முன்பக்கத்து மேல சந்தேகப்படணும். எனக்கு ரெண்டுமே போயிருந்துச்சு, அது என் அதிர்ஷ்டம்.

இதுக்கும் முன்னாடி டயர் காத்து, வீல் பேலன்ஸ், இன்ஜின் மவுன்ட் ரப்பர் இதெல்லாம் பாத்துடணும், இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல. தனி ஃப்ரேம் இருக்க வண்டின்னா பாடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இருக்க ரப்பர் நசுங்கிப் போயிருக்கும், அதை மாத்துனாலே பாதி உதறல் போயிடும். 1967லேருந்து 69 வரைக்கும் வந்த செவ்ரலே கமாரோ மாதிரி முன் சப்ஃப்ரேம் தனியா வந்து பாடியில போல்ட்டு ஆகுற வண்டிக்கும் இதே கதைதான்.

ஸில்லு வேலைன்னு இறங்குனா அவசரமே படக்கூடாது. கூரை இல்லாத வண்டியில ஸில்லை அறுக்கறதுங்கறது பாலத்துல தூணை எடுக்கற மாதிரி. கதவு இருக்க இடத்துல முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவுல பைப்பு வச்சு முட்டுக் கொடுத்துட்டு, ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் தொடணும், கதவை அடிக்கடி மாட்டி கேப் பாத்துக்கிட்டே வெல்ட் வைக்கணும். ஒரே இழுப்பா இழுத்தா சூட்டுல தகடு நெளிஞ்சு, கோணலாவே விறைச்சு நிக்கும், அப்புறம் அழுதாலும் நேராகாது. 1962ல வந்த எம்ஜிபிங்கிற இங்கிலாந்து கார்ல இந்த ஸில்லு வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு நடுவுல ஒரு தகடுன்னு அடுக்கடுக்கா இருக்கும், துருப்பிடிச்ச வெளித்தகடு மேலயே புதுசா ஒரு கவரை ஒட்டி பெயின்ட் அடிச்சு வித்துடுவாங்க. பாக்க புதுசு, பலம் பூஜ்யம். காந்தம் ஒட்டுதேன்னு ஏமாந்துடாதீங்க, கவர்லயும் நல்லா ஒட்டும்.

இதெல்லாம் முடிச்சு, ஏப்ரன்ல புது தகடு வச்சு, டவரை ஹைட்ராலிக் ஜாக்கால கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளி அளவுக்குக் கொண்டு வந்ததுக்கு அப்புறம்தான் எக்ஸ்போர்ட் பிரேஸ் போட்டேன். அது ஃபயர்வாலோட சேர்ந்து முக்கோணமா நிக்குது, முக்கோணம் அசையாது, நாலு மூலைச் சட்டம்னா போல்ட்டு எவ்ளோ டைட்டா இருந்தாலும் ஒரு பக்கமா சாயப் பார்க்கும். குறுக்கு பார் மட்டும் தனியா போட்டா டவர் ரெண்டும் உள்ள வராது, சரி, ஆனா ரெண்டும் கைகோத்துக்கிட்டு ஒரே பக்கமா போறதை அதால தடுக்க முடியாது.

உங்க கட்டுரைக்குப் போட்டிருந்த படத்தைப் பத்தியும் சொல்லணும். அதுல இருக்கறது ஏர் கிளீனருக்கு வழிவிட்டு நடுவுல வளைஞ்ச பாலிஷ் போட்ட அலுமினிய பார். தள்ளுற விசை நேர் பார்ல முனைக்கு முனை நேரா போகும், வளைஞ்ச பார்ல வளைவுலதான் போய் மடங்கும், வில்லை ரெண்டு முனையில அழுத்தினா என்ன ஆகும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். அலுமினியம் வேற, அதே அளவுக்கு ஸ்டீல்ல மூணுல ஒரு பங்கு விறைப்புதான் கொடுக்கும். ஸ்டீல்லயும் உசத்தி ரகம்னு காசை அள்ளிக் கொட்டினா உடையறதுக்கு லேட் ஆகும், வளையறது கிட்டத்தட்ட அதே அளவுதான் வளையும், விறைப்பு கூடணும்னா குறுக்குவெட்டு பெருசாகணும். ஸ்டீல்ல நேரா இருக்கறதும் கிடைக்குது, தேவைன்னா ஏர் கிளீனரை மாத்திக்கலாம், பாரை வளைக்காதீங்க.

ஒரு இடத்தை விறைப்பாக்குனா அந்த வேலை அடுத்த இடத்துக்குத் தாவும், ஆட்டைத் தூக்கி மாட்டுல போட்ட கதைதான். தடிமனான தகடை சதுரமா வெட்டி மெல்லிசான ஏப்ரன் மேல வெல்ட் வச்சா கொஞ்ச காலத்துல அந்தத் தகடு முடியற கோட்டுலயே கிராக் வரும். முனையை மீன் வால் மாதிரி வெட்டி விசையை மெதுவா இறக்கி விடணும்னு எனக்கு ஒரு பழைய டிங்கர் வேலைக்காரர் சொல்லிக் கொடுத்தாரு. அவரு பேசறதே கம்மி, ஆனா தகடை விரல்ல தட்டிப் பார்த்தே எங்க பட்டி இருக்குன்னு சொல்லிடுவாரு.

இவ்வளவும் பண்ணியும் உதறல் அடியோட போயிடுச்சான்னா, இல்ல. இப்ப ஜாக்கி போட்டா கேப் 1 மில்லிமீட்டர்தான் மாறுது, கதவு மூடுது. கார் கம்பெனிக்காரங்களாலேயே முழுசா நிறுத்த முடியாம, நான் சொன்ன அந்த கமாரோ கன்வெர்டிபிள்ல நாலு மூலையிலயும் உள்ள கனமான குண்டு வச்ச டப்பா போட்டு, பாடி ஒரு பக்கம் ஆடுனா அது எதிர்ப்பக்கம் ஆடி அமுக்குற மாதிரி செஞ்சாங்க, காக்டெயில் ஷேக்கர்னு அதுக்குப் பட்டப்பேரு. ரிப்பேர் பண்றப்ப என்னடா இது தேவையில்லாத வெயிட்டுன்னு அதைக் கழட்டிப் போட்டவங்க நிறைய. உங்க வாசகர்கள் யாராவது கழட்டி மூலையில போட்டிருந்தா தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்க.

முடிஞ்சா அடுத்த வாரம் அந்தப் படத்துக்காவது ஒரு திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
66 முஸ்டாங்கோட மல்லுக்கட்டுற உங்க வாசகன்