மழைக்கு மறுநாள் வெளியே துணி காயப்போடாதே

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிறு தொலைபேசியில் நீ அடுக்கடுக்காகத் தும்மியபோது, "ஊர் ஒத்துக்கொள்ளாத சளி, மிளகுக் கஷாயம் வை" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடம் ஒத்துக்கொண்ட டோக்கியோ ஏழாம் வருடம் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அன்றிலிருந்து இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டார் போடக்கூட மறந்துவிடுகிறேன் என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள்.

உன் மேல் குற்றம் இல்லை. சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மகரந்தம்தான் காரணம். இந்த மகரந்த ஒவ்வாமையை அந்த ஊரார் காஃபுன்ஷோ என்கிறார்கள். வருடக்கணக்காக அந்தத் தூளைச் சுவாசித்த உடம்பு ஒரு வசந்தத்தில் திடீரென்று அதைப் பகையாக எடுத்துக்கொள்ளுமாம்.

நீ சொன்னதில் ஒன்று என் மனதிலேயே நின்றது. வியாழன் முழுக்க மழை, தும்மலே இல்லை. வெள்ளி பளிச்சென்று வெயில். ஆசையாகப் பால்கனியில் துணி காயப்போட்டாய். இரவு கண்ணைத் திறக்க முடியவில்லை. "மழைதான் எல்லாவற்றையும் கழுவிவிட்டதே, அப்பா?" என்று கேட்டாய். மக்காச்சோளம் வைத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. நம் காட்டில் உச்சிப்பூவிலிருந்து தூள் கொட்டுவது காலையில் பனி உலர்ந்த பிறகுதான், நினைவிருக்கிறதா? ஈரம் இருக்கும்வரை அந்தப் பூவின் மகரந்தப் பை வாய் திறக்காது. ஒரு நாள் முழுக்கத் தூறினால் அன்று கொட்டாது. ஆனால் பூ முதிர்வது நிற்பதில்லை. மறுநாள் வெயில் பட்டதும் இரண்டு நாள் சரக்கும் சேர்ந்து விழும். சுகியும் அப்படித்தான். போதாக்குறைக்கு, மழை தரையில் இறக்கிய தூள் காய்ந்ததும் வண்டிக் காற்றில் மறுபடி எழும்புகிறது. மழை நாள் உனக்கு ஓய்வு. மறுநாள் அதற்கு வட்டியும் முதலும்.

நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. மேற்கே மலைக்காட்டில் காலையில் கிளம்பும் தூள் காற்றில் பல கிலோமீட்டர் வந்து நகரத்தைச் சேர நண்பகல் ஆகிவிடும். அது ஒரு உச்சம். வெயிலின் சூட்டில் மேலே மிதப்பது, சூரியன் இறங்கிக் காற்று அடங்கியதும் கீழே படியும். அது இரண்டாவது உச்சம். நீ அலுவலகம் விட்டு நடந்து வருவது சரியாக அந்த நேரத்தில். ஜன்னலைத் திறப்பதானால் விடியற்காலையில் திற. வீட்டு வாசலிலேயே கோட்டை உதறிவிட்டு உள்ளே போ. கம்பளிக் கோட்டில் தூள் ஒட்டிக்கொள்ளும், வழவழப்பான துணி நல்லது.

பிப்ரவரியில் முதல் தெற்குக் காற்று பலமாக அடிப்பதை அங்கே ஹாரு இச்சிபான் என்று கொண்டாடுகிறார்களாம், வசந்தத்தின் முதல் காற்று என்று. குளிர் விட்டது என்று நீயும் வெளியே உலாவப் போயிருப்பாய். வெப்பம், வறட்சி, காற்று மூன்றும் கூடும் நாள்தான் மரத்துக்குத் தூள் கொட்டத் தோதான நாள்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இந்த வசந்தத்தில் எவ்வளவு தூள் வரும் என்பது போன வருட ஜூலையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. சுகியின் ஆண்பூ மொட்டு வைப்பது அப்போதுதான். அந்தக் கோடையில் வெயில் கடுமையாகவும் மழை குறைவாகவும் இருந்தால் மொட்டு அதிகம். பிறகு குளிரில் உறங்கி, ஜனவரி பிறந்து வெப்பம் ஏற ஏற விழிக்கிறது. அதனால்தான் ஜனவரி 1 முதல் தினசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்து, எப்போது தூள் கிளம்பும் என்று கணிக்கிறார்கள். நம் தாத்தா கார்த்திகைப் பனியைப் பார்த்து மாங்காய் விளைச்சல் சொல்வார். அவருக்கு இது பிடித்திருக்கும்.

மரத்தைத் திட்டாதே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையாகிக் கிடந்த மலைகளில் விறுவிறுவென்று சுகியை நட்டார்கள். பின்னால் வெளிநாட்டு மரம் மலிவாக வந்தது. நட்டதை வெட்ட ஆள் இல்லை. இன்று ஏறத்தாழ 45 லட்சம் ஹெக்டேரில் அது நிற்கிறது. சுகி மரங்கள் வரிசையாக நிற்கும் சாலைக்குப் பேர்போன நிக்கோ என்ற ஊரில் கண்ட இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் 1964இல் எழுதினார்கள். 2019 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 39 பேருக்குச் சுகி ஒவ்வாமை. 2023இல் ஜப்பான் அரசு, பத்து வருடத்தில் சுகித் தோப்புகளை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. மலை முழுக்க ஒரே பயிர் வைத்தால் என்ன ஆகும் என்று எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

கஷாயத்தை விடு. மருத்துவரைப் பார், அடுத்த வருடம் தூள் கிளம்பும் முன்பே மாத்திரை தொடங்கலாமா என்றும் கேள், அங்கே அப்படிச் செய்வதுண்டு. சுகி ஓய்ந்தாலும் அதன் பின்னாலேயே ஹினோக்கி என்று இன்னொரு மரம் ஏப்ரல் வரை வரும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, மார்ச்சிலேயே ஊருக்கு வந்துவிடச் சொல்கிறாள். அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. எனக்கும்தான்.

தெற்குக் காட்டு மக்காச்சோளம் இந்த வாரம் உச்சிப்பூ விடும். நீ வந்தால் வரப்பிலேயே நின்றுகொள், உள்ளே இறங்காதே. சுணை வேறு படும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போன ஜூலையில் அங்கே வெயில் எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தால் எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா