ஹோமர் முதுகுக்குப் பின்னால் ஒரு கணக்கு

அன்புள்ள ராகவா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். இன்னும் பத்து நாளைக்கு எதையும் படிக்கக் கூடாதாமே. அதனால் இதை அவளே உனக்குப் படித்துக் காட்டட்டும். நடுவில் கணக்கு வருகிறது, நிதானமாகப் படிக்கச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். விசாலத்துக்கு முட்டிவலிதான் போவதும் வருவதுமாக இருக்கிறது. லீவுக்குப் பேரன் வந்திருக்கிறான். அவன் வந்துவிட்டால் டிவி ரிமோட் என் கையில் தங்காது. இந்த முறை ‘தி சிம்ப்சன்ஸ்’. மஞ்சள் முகமும் முட்டைக் கண்ணுமாக ஒரு அமெரிக்கக் குடும்பம். அப்பா ஹோமர் சரியான சாப்பாட்டு ராமன், சோம்பேறி. நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

1995-இல் ஹாலோவீனுக்கு வந்த எபிசோடாம் அது. மூன்று குட்டிக் கதைகள். கடைசிக் கதையில் மனைவியின் அக்காமார் இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் மாட்டாமலிருக்க ஹோமர் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளியப் போய், முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுகிறான். அதுவரை தட்டைப் படமாக இருந்தவன், தன் தொந்தி முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவனே திகைக்கிறான். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். என் கண்ணோ ஹோமருக்குப் பின்னால் மிதந்த எண்களுக்குப் போய்விட்டது. படத்தை நிறுத்தச் சொல்லிக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

1782-இன் 12ஆம் அடுக்கு + 1841-இன் 12ஆம் அடுக்கு = 1922-இன் 12ஆம் அடுக்கு.

உனக்கு இப்போதே கை பரபரக்கும். அடுக்கு இரண்டுக்கு மேல் போனால், பூஜ்யமில்லாத முழு எண்களில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா எழுதிவைத்து 350 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்த கட்டுரை அச்சில் வந்ததும் இதே 1995-இல்தான். சரி, போட்டுப் பார்ப்போம் என்று பேரனின் கால்குலேட்டரை வாங்கினேன். இரண்டையும் கூட்டி 12ஆம் மூலம் எடுத்தால் பளிச்சென்று 1922 வருகிறது! ஒரு நிமிஷம் எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம்தான் நீ பசங்களுக்குச் சொல்லித்தருவது நினைவுக்கு வந்தது: முதலில் கடைசி இலக்கத்தைப் பார். 1782 இரட்டை, 1841 ஒற்றை. கூட்டினால் ஒற்றைதான் வரும். 1922-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைதான். உண்மையான விடை 1921.99999995 என்று போகிறது. பத்து இலக்கக் கால்குலேட்டர் அதை முழுதாக்கி நம்மை ஏமாற்றிவிடுகிறது. டேவிட் கோஹென் என்கிற அந்தத் தொடரின் எழுத்தாளர் இதற்காகவே ஒரு புரோகிராம் எழுதி இந்த எண்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். இரண்டு நொடி தெரியும் பின்னணிக்கு இவ்வளவு மெனக்கெடல்! அதே காட்சியில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்காரர்கள் மாதிரிப் பொருளாக வைத்துக் கும்பிடும் யூட்டா டீ பாத்திரமும் உண்டாம், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1998-இல் ஹோமர் கரும்பலகையில் இன்னொன்று எழுதுகிறான்: 3987, 4365, 4472. அதே 12ஆம் அடுக்குதான். இங்கே ஒற்றையும் ஒற்றையும் இரட்டை, பழைய ஓட்டை அடைபட்டுவிட்டது. ஆனாலும் முதல் இரண்டும் மூன்றால் வகுபடும், 4472 வகுபடாது. இதைப் பேரனே கண்டுபிடித்தான், நான் வாயைத் திறக்கவில்லை. வங்கியில் முப்பது வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணியவனுக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தை நீதான் புரிந்துகொள்வாய்.

இதே கோஹென் பிறகு ‘ஃபியூச்சராமா’ என்ற கார்ட்டூன் தொடரை உருவாக்கியதில் சேர்ந்திருக்கிறார். அதில் பெண்டர் என்றொரு ரோபோ. அவனைச் செய்த இயந்திரம் அவனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறது. ‘மகன் எண் 1729’ என்று! ஆமாம், நம் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனின் எண்ணேதான். ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலக் கணிதர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729, அது இரு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சட்டென்று சொன்னார் என்கிற கதையை நீ வருஷம் தவறாமல் வகுப்பில் சொல்லியிருப்பாய். இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டல் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். 9-இன் கனம் 729, 10-இன் கனம் 1000, கூட்டினால் 1729. 12-இன் கனம் 1728. ஒன்றே ஒன்றுதான் கூடுதல். ஹோமர் கணக்கு மாதிரியே இதுவும் ஃபெர்மாவை மயிரிழையில் தவறவிட்டதுதானே? ராமானுஜனின் தொலைந்துபோன நோட்டில் இப்படி ஒன்று கூடியோ குறைந்தோ வருகிற கனங்களை அடுக்கடுக்காக உண்டாக்க ஒரு வழியே இருக்கிறது. 135, 138, 172 அதில் ஒன்று. முதல் இரண்டின் கனங்களைக் கூட்டினால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறையும். தமாஷுக்குக் கோஹென் செய்ததை, கம்ப்யூட்டர் இல்லாமல் படுக்கையில் கிடந்த ஒரு மனுஷன் என்றைக்கோ செய்துவைத்திருக்கிறார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஃபியூச்சராமாவிலும் ஒரு டாக்சி வருகிறது. அதன் எண் 87539319. இதை இரு கனங்களின் கூட்டலாக மூன்று விதமாக எழுதலாம். ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன்: 167, 436. மற்ற இரண்டையும் கண்கட்டு அவிழ்த்த பிறகு நீ போட்டு அனுப்பு. கால்குலேட்டரைத் தொடக் கூடாது.

உன்,
மூர்த்தி