கோரிக்கை மனு: மாதவரம், மணலி பக்கம் வேர்க்கடலை, கொத்தவரை நோய்க்கு விதைப்புக்கு முன்னாடியே முகாம் வேணும்

அனுப்புநர்: மாதவரம், மணலி சுத்துவட்டார குத்தகை விவசாயிங்க
பெறுநர்: வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

மணலி, மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கமும் மீஞ்சூர் ரோட்டு பக்கமும் பிளாட் ஆகாம மிச்சம் இருக்கற நிலத்துல குத்தகைக்கு வேர்க்கடலையும் கொத்தவரையும் போடுறவங்க நாங்க. 2011ல மாநகராட்சி எல்லைய பெருசாக்கினப்ப மாதவரம், மணலி எல்லாம் சிட்டிக்குள்ள வந்துடுச்சி, அதுலருந்து பயிர்ல நோய்னு போய் நின்னா ஒரு இடத்துல இங்க ஏதுங்க விவசாயம்ன்றாங்க, இன்னொரு இடத்துல இது எங்க லிமிட் இல்லன்றாங்க, கடைசில மருந்துக்கடைல எடுத்துக் குடுக்கறதத்தான் அடிக்கிறோம்.

பணமும் பயிரும் அங்கதான் போகுது. கொத்தவரைல இலைல தண்ணி கோத்த மாதிரி புள்ளி வந்து கருகி, தண்டுல கருப்புக் கோடு ஓடி வெடிச்சி செடியே சாஞ்சா அது பாக்டீரியா கருகல், பூஞ்சாண மருந்த எத்தன தடவ அடிச்சாலும் கேக்காது. விதையிலயே வர்ற நோய் அது. விதைய 56 டிகிரி வெந்நீர்ல 10 நிமிஷம் வெச்சி எடுத்து காயவெச்சி போடணும்ன்றது எங்களுக்கும் தெரியும், ஆனா சூடு ஏறிட்டா முளைப்பு போயிடும், கொறஞ்சா கிருமி சாவாது, கைய விட்டுப் பாத்து செய்யற வேலையில்ல இது. தெர்மாமீட்டரோட வந்து ஒருத்தர் எங்க கண்ணு முன்னாடி செஞ்சி காட்டணும். கொத்தவரங்காய பிஞ்சுலயே அடிக்கடி பறிக்கறோம், வேலைக்காவாத மருந்த அடிச்சிட்டு பறிச்சா அது மூலக்கடை, வியாசர்பாடி வீட்டு சமையலுக்குத்தான் போகுது, எங்க புள்ளைங்களும் அதத்தான் சாப்புடுது. எங்களுக்கு ரொம்ப உறுத்தறது இதுதான் ஐயா.

கடலைல மார்கழி பனிக்கு டிக்கான்ற இலைப்புள்ளி நோய் வரும், மஞ்ச வளையத்தோட பழுப்புப் புள்ளி, அப்புறம் இலைக்கு அடில கருப்புப் புள்ளி. துரு நோய் வந்தா அடி இலைல செங்கல் பொடி கலர்ல இருக்கும். இது ரெண்டும் பூஞ்சாணம், மேங்கோசெப்ன்ற பூஞ்சாண மருந்த லிட்டர் தண்ணிக்கு 2 கிராம் ஆரம்பத்துலயே அடிச்சா கட்டுப்படும். ஆனா மொட்டு கருகல் இலைப்பேன் பரப்பற வைரஸ், அதுக்கும் இதே பாக்கெட்டத்தான் குடுத்து அனுப்பறாங்க. இலையப் பாத்து இது பூஞ்சாணமா பாக்டீரியாவா வைரஸான்னு சொல்ல ஒரு ஆள் இருந்தாலே பாதி செலவு மிச்சம்.

அதனால கார்த்திகைலயே, விதை மண்ணுல விழறதுக்கு முன்னாடி, மாதவரத்துல ஒரு பயிர் மருத்துவ முகாம் போடுங்க, கடைல வாங்கின கொத்தவரை விதைல நோய் இருக்கான்னு டெஸ்ட் பண்ண அங்கயே சாம்பிள் வாங்கிக்கோங்க. வேர் அழுகலத் தடுக்கற நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவ கிலோ விதைக்கு 4 கிராம்னு கலக்கறதுக்கும், ஹெக்டேருக்கு இரண்டரை கிலோவ 50 கிலோ தொழு உரத்துல கலந்து போடறதுக்கும் ஸ்டாக் அப்பவே வரணும், அது உயிருள்ள பொருள், தேதி தாண்டின பாக்கெட் வந்து பிரயோஜனமில்ல. கடலைல வேர் அழுகல், கழுத்து அழுகல் வந்த பின்னாடி அந்த செடிய காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். நடுவுல நோய் வந்தா இலைய போட்டோ எடுத்து அனுப்ப ஒரு வாட்ஸ்அப் நம்பரும் குடுங்க.

இன்னொண்ணு, மானியத்துல எது குடுத்தாலும் பட்டா கேக்கறாங்க. எங்க பேர்ல பட்டா இல்ல, உழறது நாங்கதான். நிலத்துல பயிர வந்து பாத்துட்டு குத்தகைக்காரங்களுக்கும் குடுக்க உத்தரவு போடணும்னு பணிவோட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
மாதவரம், மணலி சுத்துவட்டார குத்தகை விவசாயிங்க