நாலாவது நிமிஷத்தில் பிடி நழுவுவது ஏன்

சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் கோவையிலிருந்து இங்கே மாற்றலாகி வருவதும், பளு தூக்குதலை விட்டு கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) போட்டிக்கு இறங்குவதும் நல்ல செய்திதான். குண்டை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் நாலாவது நிமிஷமே பிடி நழுவுகிறது, உள்ளங்கை கிழிகிறது என்று எழுதியிருக்கிறாய். சென்னைப் புழுக்கத்தில் அது மூன்றாவது நிமிஷமாகும், இப்போதே சரிசெய்துகொள்.

பளு தூக்குதலில் பார் என்கிற கம்பியைப் பிடித்துப் பழகிய கை எதையும் இறுக்கத்தான் பார்க்கும். அங்கே மூச்சைக் கட்டி, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் பூட்டினால் சில நொடியில் வேலை முடிந்தது. கெட்டில்பெல்லில் பத்து நிமிஷம் குண்டைக் கீழே வைக்கக் கூடாது. ஸ்னாட்ச்சில் கை மாற்றுவதும் ஒரே தடவைதான். அது இளவட்டக்கல் என்றால் இது கர்லாக்கட்டை.

தோல் கிழிவது குண்டு மேலே போகும்போது அல்ல, இறங்கும்போது. 24 கிலோ விழுகிற வேகத்தில் கைப்பிடி உள்ளங்கை நடுவில் இருந்தால், சுழலும்போது காய்ப்பை மடித்து இழுத்துவிடும். மேலிருந்து விடும்போது உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, குண்டை உடம்பை ஒட்டியே இறக்கு. இடுப்பை நெருங்கும்போது கைப்பிடி விரல்களுக்கு வந்திருக்க வேண்டும். கட்டைவிரல் இங்கே ஆள்காட்டி விரலுக்கு மேலே உட்காரும், பாருக்கு நேர் எதிர். ஏறும்போது குண்டு தலை உயரத்துக்கு வந்ததும் விரல்களைத் தளர்த்தி, கையைக் கைப்பிடிக்குள் சாய்வாக நுழை. கைப்பிடி கட்டைவிரல் இடுக்கில் தொடங்கி சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு மேட்டில் முடியும். தாமதமாக நுழைத்தால் முன்னங்கையில் ‘டொம்’மென்று ஓர் அடி விழும். அந்த நீலத்தழும்புதான் வாத்தியார். மேலே கை நேராக நின்றதும் விரல்கள் விரிந்தே இருக்கட்டும், ஓய்வு கிடைப்பது அங்கேதான். காய்ப்பை வாரத்துக்கு ஒருமுறை நுரைக்கல்லால் தேய்த்துச் சமமாக்கு. மேடு இருந்தால்தான் அது மாட்டும்.

சாக்பவுடர் விஷயம். கோவைக் காற்றில் ஒட்டுகிற பவுடர் இங்கே வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும். வியர்வை உள்ளங்கையில் மட்டும் ஊறுவதில்லை, முழங்கையிலிருந்து வழிந்து வரும். மணிக்கட்டில் பட்டை கட்டு, கையோடு கைப்பிடிக்கும் பூசு. கைப்பிடியில் பெயின்ட் இருந்தால் பவுடர் நிற்காது, உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய். தேய்த்த கைப்பிடி கடல்காற்றில் துருப்பிடிக்கும், முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்க மறக்காதே.

குண்டு வாங்கும்போது போட்டிக் குண்டையே வாங்கு. 16 கிலோ மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. எடை ஏறினாலும் உருவம் ஒன்றுதான், சுற்றளவும் கைப்பிடியும் மாறாது. ஜிம்மில் கிடக்கும் வார்ப்பிரும்புக் குண்டோ எடை ஏற ஏறப் பருக்கும், முன்னங்கையில் அது படுகிற இடமே மாறிப்போகும். அதில் ஆறு மாதம் பழகினாலும் போட்டிக் குண்டில் பாதி மறுபடி கற்க வேண்டும்.

மார்பருகே தாங்கிய குண்டைத் தலைக்கு மேல் தள்ளும் ஜெர்க்கில் நீ தடுமாறப்போவது ஓர் இடத்தில். பாரைத் தோளுக்கு ஏற்றும் கிளீனில் முழங்கையை உயர்த்தித் தோளில் தாங்கிப் பழகியவன் நீ. இங்கே முழங்கை இடுப்பெலும்பில் இறங்கி உட்கார வேண்டும், முழங்கால் நேராக இருக்க வேண்டும். தள்ளுவதற்காக முழங்காலை அரையளவு மடக்கும்போது முழங்கை இடுப்பை விட்டு விலகினால் காலின் விசை குண்டுக்குப் போகாது, தோள் தனியாகத் தள்ளும், மூன்றே நிமிஷத்தில் தோள் போச்சு. மூச்சையும் கட்டாதே, மடங்கும்போது விடு. மேலே முழங்கை பூட்டி அசையாமல் நின்றால்தான் நடுவர் எண்ணுவார். அவசரத்தில் அசைத்தால் உழைப்பு வீண்.

வேகத்தில் பேராசை வேண்டாம். 16 கிலோவில் நிமிஷத்துக்கு எட்டு ஜெர்க், நாலு நிமிஷம், அதே வேகம் கடைசிவரை. அது சுகமாக வந்தால் அடுத்த வாரம் அரை நிமிஷம் கூட்டு. முதல் நிமிஷத்தில் பதினைந்து போடுகிறவன் ஐந்தாவதில் குண்டை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து நிற்பான். ஜெர்க்கும் ஸ்னாட்ச்சும் சேர்ந்த இரட்டைப் போட்டியில் ஜெர்க்குக்கு ஒரு புள்ளி, ஸ்னாட்ச்சுக்கு அரைப் புள்ளி. 60 ஜெர்க், 100 ஸ்னாட்ச் என்றால் 110. உன் பலம் ஜெர்க்கில்தான் என்பதால் கணக்கு உனக்குச் சாதகம்.

வரும்போது உப்புத்தாள் வாங்கி வராதே, இங்கே தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி காலியாக இருக்கும்.

அன்புடன்,
ரவி