கூடை போட்டதும் திரும்பி ஓடிவிடுகிறார்கள், பெரியப்பா

பென்டன்வில், ஆர்கன்சா
பிப்ரவரி 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே போன வாரம் பனியோடு ஐஸும் சேர்ந்து விழுந்ததில் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வாசற்படியில் கல்லுப்பைத் தூவிவிட்டுத்தான் கால் வைக்க முடிந்தது. கடையில் மூட்டை மூட்டையாக உப்பு விற்கிறார்கள். எல்லாம் தரையில் கொட்டுவதற்கு.

எங்கள் குடியிருப்பில் எங்களையும் சேர்த்து ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். எல்லோரும் வால்மார்ட் தலைமையகத்தையோ அதற்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனிகளையோ நம்பி வந்தவர்கள். ஒரு வீட்டில் மாவு அரைத்தால் நான்கு வீட்டில் இட்லி. அதையெல்லாம் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு, கூடைப்பந்து.

"ஆர்கன்சா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நோலன் ரிச்சர்ட்சனின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாய், அங்கே இன்னும் நாற்பது நிமிடமும் பிரஸ் போடுகிறார்களா, பார்த்து எழுது" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்துவிட்டேன். கூடை போட்டதும் பின்வாங்காமல் ஆடுகளம் முழுக்க எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் அந்தப் பிரஸை இப்போது போடுவதில்லை.

அலுவலகத்தில் ஒருவர் வர முடியாமல் போய் எனக்கு டிக்கெட் கிடைத்தது. ஃபயட்வில் இங்கிருந்து காரில் அரை மணி நேரம். பட் வால்டன் அரங்கம் 1993இல் திறந்தது. பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் தம்பி பெயர் அது. பல்கலைக்கழக அணியின் சின்னம் காட்டுப்பன்றி. பேராசிரியர், வக்கீல், பாட்டி என்று வயது பதவி பாராமல் தலையில் சிவப்புப் பன்றித் தொப்பி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை நடுங்கவிட்டு, "வூ…" என்று இழுத்து, "பிக் சூயி" என்று கத்துகிறார்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை நானும் கையை உயர்த்தியிருந்தேன்.

தரையில் ரிச்சர்ட்சனின் பெயர் எழுதியிருக்கிறது. 2002இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார். 2019இல் அந்தத் தரைக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். மனிதர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான், பெரியப்பா.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் உங்களோடு படித்த நண்பர் கொண்டுவந்த அந்த வீடியோ கேசட் நினைவிருக்கிறதா? 1994 அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டம், ஆர்கன்சா 76, டியூக் 72. பார்வையாளர் வரிசையில் ஜனாதிபதி கிளிண்டனே உட்கார்ந்திருப்பார். எங்கள் பத்துப் பேரையும் தரையில் உட்காரவைத்து, கடைசி நிமிடத்தில் ஸ்காட்டி தர்மன் போட்ட மூன்று புள்ளிப் பந்தைத் தாண்டி ஓடவிட்டு, "இதைப் பார்க்காதீர்கள், கூடை போட்ட பிறகு என்ன செய்கிறார்கள், அதைப் பாருங்கள்" என்றீர்கள். அந்த ஆட்டத்துக்கு ரிச்சர்ட்சன் அணி வைத்திருந்த பெயர் 'நாற்பது நிமிட நரகம்'. நம் பள்ளியில் நரகம் என்று சொல்லக் கூடாது என்று ஹெச்.எம். தடுத்ததால் 'நெருக்கு' என்று மாற்றிவைத்தீர்கள்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் அணி (இரண்டு வருடத்தில் 'நம்' அணி ஆகிவிட்டது) ஒரு கூடை போட்டது. என்னையறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். உங்களிடம் ஆடியவர்களுக்கு வேலை தொடங்குகிற நேரமே அதுதானே. ஆனால் ஐந்து பேரும் முதுகைக் காட்டித் திரும்பித் தங்கள் பாதிக்கு ஓடினார்கள். எதிரணிப் பையன் வலையிலிருந்து விழுந்த பந்தை எடுத்து, வெளிக்கோட்டில் நின்று, கோலிக்குண்டை உருட்டுவதுபோல உருட்டிவிட்டான். பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டிய அவர்களுடைய பாயின்ட் கார்டு அதைத் தொடவில்லை. கன்றுக்குட்டியை ஓட்டிப் போவதுபோல அதன் கூடவே நடந்தான். தொட்டால்தான் ஷாட் கிளாக், அதாவது கூடையை நோக்கி எறிய வேண்டிய நேரத்தை எண்ணும் கடிகாரம், ஓடும். நடுக்கோட்டை நெருங்கியதும் மெல்லக் குனிந்து எடுத்தான். பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை.

என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். அரங்கம் திறந்த வருடத்திலிருந்து வருகிறாராம். "அந்தக் காலத்தில் இந்தப் பையன் இதற்குள் அழுதிருப்பான்" என்றார். வேப்பமர மூலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். நடுக்கோட்டைத் தாண்டினால் பந்தைத் திரும்பப் பின்னால் கொண்டுபோக முடியாது; அதனால் தாண்டிய அடுத்த அடியிலேயே இரண்டு பேர் பாய்ந்து, வேப்பமரம் நிழல் விழும் அந்த மூலையில் மடக்க வேண்டும் என்பீர்களே. "பக்கக்கோடும் நடுக்கோடும் சம்பளம் கேட்காத இரண்டு ஆட்கள்" என்ற உங்கள் வசனத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு இரண்டாம் பாதி முழுக்க அவருக்கும் எனக்கும் ஆட்டத்தைவிட இந்தப் பேச்சுதான். பிரஸ் ஏன் செத்தது?

முதல் காரணம் கணக்கு. பிரஸ் என்றால் பொதுவாக மூன்று பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். ஒரு நல்ல பாஸ் தாண்டிவிட்டால் பின்னால் இருக்கும் இரண்டு பேர் மேல் மூன்று பேர் வருவார்கள். அன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் உயரமான மந்தன். பந்தைத் தட்டிக்கொண்டு வரத் தெரியாது, தூரத்திலிருந்து எறியத் தெரியாது. இன்றைக்கு ஆறடி பத்து அங்குலப் பையனும் சின்ன வயதிலிருந்து தட்டிப் பழகியிருக்கிறான், மூலையில் நின்று மூன்று புள்ளி எறிகிறான். நாலு தடவை பறித்து, ஆறு தடவை ஆளில்லாத மூன்று புள்ளியைத் தானம் கொடுத்தால் நஷ்டம் என்று பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது, விசில். 2013இலிருந்து பந்து வைத்திருப்பவனைக் கையை வைத்துத் தடுத்தாலே ஃபவுல் என்று கறாராக்கிவிட்டார்கள். 2015இல் ஷாட் கிளாக்கை 35 வினாடியிலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள். நேரம் குறைந்தால் பிரஸுக்கு லாபம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இப்போது பிரஸ் போடும் சிலரும் பறிப்பதற்காகப் போடுவதில்லை. எட்டு வினாடியைத் தின்றுவிட்டுப் பின்வாங்குகிறார்கள். நம்மூரில் நடுக்கோட்டைத் தாண்ட எட்டு வினாடி, இங்கே கல்லூரி ஆட்டத்தில் இன்னும் பத்து. அந்தப் பத்துக்கும் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு உறைத்தது. பிரஸ் போட ஒன்பது பத்துப் பேர் வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். நீங்கள் எங்களை எட்டாம் வகுப்பில் பிடித்துப் பன்னிரண்டில்தான் விட்டீர்கள். இங்கே 2018இல் கல்லூரி மாறுவதற்கென்றே ஒரு பதிவேடு வந்தது. 2021இல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. அதில் தப்பே இல்லை, அவர்கள் உழைப்பு அவர்களுடையது. ஆனால் பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். 2024இல் பயிற்சியாளர் ஜான் காலிபாரி கென்டக்கி அணியை விட்டு இங்கே வந்தபோது அணி கிட்டத்தட்டக் காலி. பெரும்பாலான ஆட்களைப் புதிதாகச் சேர்த்தார். ஜூனில் சந்தித்துக்கொண்ட பையன்களுக்கு நவம்பருக்குள் 'நெருக்கு' கற்றுக்கொடுக்க உங்களாலும் முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வந்து ஆறு மாதத்தில் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். பெயர் மனதில் பதியும்போது பிரிவுபசார கேக் வெட்டுகிறோம்.

நீங்கள் பிரஸ் போட்டது நாம் குள்ளம் என்பதற்காக. 1964இல் பயிற்சியாளர் ஜான் வுடனின் கலிஃபோர்னியா யு.சி.எல்.ஏ. அணி தோல்வியே இல்லாமல் முப்பது ஆட்டம் ஜெயித்தபோது தொடக்க ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவர் இல்லை என்பதை நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். குள்ளமான அணிகள் இப்போதும் இருக்கின்றன, அவர்களும் எட்டத்திலிருந்து எறிந்து பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஒரேயடியாகப் போய்விடவில்லை. பயிற்சியாளர் ரிக் பிட்டினோ எழுபது வயதைத் தாண்டியும் நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ் அணியை வைத்துப் பிரஸ் போடுகிறார். 1994இல் கென்டக்கி அணி 31 புள்ளி பின்தங்கி லூசியானாவின் எல்.எஸ்.யு. அணியை 99-95 என்று ஜெயித்ததே, அதே பிட்டினோதான். 2025 மார்ச்சில் தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்றில் அவரைத் தோற்கடித்து வெளியே அனுப்பியது யார் தெரியுமா? ஆர்கன்சா, 75-66. நரகத்தைக் கண்டுபிடித்த ஊரே! பக்கத்து இருக்கைக்காரர் இதைச் சொல்லும்போது அவருக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

இன்னொரு செய்தி. உங்கள் பேத்தி சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்குப் போகிறாள். சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. அவள் வயதுக்காரர்களுக்கு அங்கே பிரஸ் போடத் தடை. கூடை போட்டதும் எல்லோரும் தங்கள் பாதிக்குப் போய்விட வேண்டும். முதல் ஆட்டத்தில் இவள் போகாமல் அங்கேயே நின்று எதிரணிப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஆட்டினாள். நடுவர் விசில் ஊதி, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

கடைசி இரண்டு நிமிடம் மட்டும் அனுமதி உண்டாம். அணியில் எட்டுப் பிள்ளைகள், இரண்டு பேருக்குத்தான் இடது கையில் தட்ட வரும். அந்த இரண்டு நிமிடத்துக்கு எங்கே யாரை நிறுத்தலாம் என்று படம் போட்டு அனுப்புங்கள். அடுத்த ஆட்டம் 21ஆம் தேதி. தபாலில் வேண்டாம், அண்ணனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்